வயது போன ஹெவிவெயிற் வீரரை எடை போடுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் வேகாஸில் சனி இரவு நடக்கும் பெரிய குத்துச்சண்டை யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை எட்டரை, ஒன்பது மணிக்கு வரும். சில வேளை கையில் இருக்கும் தேத்தண்ணி ஆறுமுன்பே முடிந்தும் விடும். அதற்குப் பிறகு வாசிகசாலை வாசலிலும் சலூனிலும் நாள் முழுக்க ஓடும் வாக்குவாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: தோற்றவர் வயது போனதால் தோற்றாரா, அல்லது ஆள் எப்போதும் அவ்வளவுதானா? இதைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தந்திருக்கிறோம். ஹெவிவெயிற் என்பது இன்றைய கணக்கில் 200 இறாத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 91 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு.

பிரைம் பிரைம் எண்டு சொல்லுறியள், அது எத்தினை வயசோட முடியும்?

உடம்பின் வேகமும் தலைக்குள் இருக்கும் அனுபவமும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்கும் காலம்தான் பிரைம். மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து. பாரமும் பலமும் வேகத்தின் குறையை மறைப்பதால், ஹெவிவெயிற்றில் அது சின்ன எடைகளை விடப் பிந்தி வரும், பிந்திப் போகும். 26 முதல் 33 வரை என்று ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மைக் ரைசன் 1986 இல் 20 வயதிலேயே சாம்பியன். ஜேர்சி ஜோ வோல்கொட் 1951 இல் பட்டம் பிடித்தபோது 37. ஒலெக்சாண்டர் உசிக் 38 வயதில், 2025 ஜூலையில், டானியல் டுபுவாவை ஐந்தாம் சுற்றில் விழுத்தினார். ஆகவே பிறந்த திகதி மட்டும் காணாது. எத்தனை வயதில் தொழிலுக்கு வந்தார், எத்தனை சுற்று அடி வாங்கினார், இடையில் எவ்வளவு காலம் சும்மா இருந்தார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வயசு போகப் போக முதல்ல என்ன போகும்?

கால். நூறு கிலோ உடம்பைப் பக்கவாட்டில் சட்டென்று நகர்த்துவது கணுக்காலின் உந்தலில் நடக்கும் வேலை. அது தளர்ந்ததும் ஆள் பக்கத்துக்கு விலகாமல் நேரே பின்னுக்குப் போகத் தொடங்குவார். பின்னுக்குப் போனால் கயிறு. கயிற்றில் சாய்ந்தபடி சண்டை பிடிப்பதைத் தந்திரம் என்று வர்ணனையாளர் சொல்லுவார். பல நேரம் அது போக்கிடம் இல்லாத நிலை.

அடுத்தது நேரக் கணிப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது: வலத் தோள் துடிக்கும், கை புறப்படாது. எதிராளியின் திறப்பு கண்ணுக்குத் தெரிகிறது, கை போகுமுன் அது மூடிவிடுகிறது, அதனால் பாதியில் நிறுத்துகிறார். மூன்றாவது, தொடர் குத்துகள். முன்பு நான்கு போட்டுவிட்டு விலகியவர் இப்போது ஒன்று போட்டுவிட்டுக் கட்டிப்பிடிப்பார்.

நான்காவது, அடி தாங்கும் சக்தி. சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: பத்துக் காயை உடைத்த தேங்காய் வெளியே கல்லுப் போலத்தான் இருக்கும், பதினோராவது அடியில் இரண்டாகும். ஆனால் "தாடை போட்டுது" என்று சொல்லப்படுவதில் பாதி உண்மையில் தாடையின் குற்றமில்லை. வருகிற அடியைக் கண்டால் கழுத்து இறுகும், அதிர்ச்சி குறையும். கண் பிந்தினால் காணாத அடி விழும்; காணாத அடிதான் ஆளை விழுத்தும். குத்தின் பலம் கடைசியாகத்தான் போகும். சிலருக்கு அது போவதே இல்லை.

வீடியோவில என்னத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கிறது?

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனை காதில் விழுந்தால் கண் அதன் பின்னால் போகும். முதல் இரண்டு சுற்றும் இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள்: எதிராளி முன்னுக்கு வரும்போது விலகுகிறாரா, பின்வாங்குகிறாரா? அடுத்து, சுற்று ஒன்றில் எத்தனை குத்து விடுகிறார் என்று எண்ணுங்கள். மூன்று நிமிடத்துக்கு 40 முதல் 50 வரை ஹெவிவெயிற்றுக்குச் சாதாரணம். 25 க்குக் கீழே போனால் ஆள் மூச்சைச் சேமிக்கிறார், அல்லது கை போகத் தயங்குகிறது. ஒன்றாம், நான்காம், ஏழாம் சுற்றுகளை எண்ணினால் போதும், எல்லாச் சுற்றும் தேவையில்லை.

மூன்றாவது தரம் ஜாப்பை, அதாவது முன்கையை நேரே நீட்டிப் போடும் குத்தை, மட்டும் பாருங்கள். முதலில் அவர் வாங்கும் ஜாப். பெரிய ஹூக் (கையை வளைத்து அடிக்கும் குத்து) யாருக்கும் விழும். ஆனால் இரண்டு அங்குலம் தலையைச் சரித்துத் தப்பிய ஜாப்பை இப்போது சுற்றுக்கு ஐந்து ஆறு தரம் முகத்தில் வாங்கினால் கண்ணும் தலையும் ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். பிறகு அவர் போடும் ஜாப்: போட்ட கை கன்னத்துக்குத் திரும்புகிறதா, நெஞ்சளவில் விழுகிறதா? ஆறாம் சுற்றில் மட்டும் விழுந்தால் களைப்பு. முதலாம் சுற்றிலேயே விழுந்தால் வேறு கதை.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை, அவரை இன்னொருவரோடு ஒப்பிடுவது. முகமது அலி 22 வயதிலும் கையைத் தொங்கப் போட்டவர்தான். ஆகவே ஏழெட்டு வருடத்துக்கு முந்திய அவருடைய சண்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அவரை அவரோடேயே ஒப்பிடுங்கள்.

முழுச் சண்டையும் பார்க்கோணுமா? யூரியூப்பில பத்து நிமிசத் துண்டு காணாதோ?

காணாது. வெட்டித் தொகுத்த வீடியோவில் குத்துகள் இருக்கும், குத்துகளுக்கு நடுவிலுள்ள வெறுமை இருக்காது. வயது தெரிவது அந்த வெறுமையில்தான்.

உடம்பு சிக்கெண்டு இருக்கு, எடையும் குறைச்சு வந்திருக்கிறார். பிறகென்ன?

1974 ஒக்ரோபரில் கின்சாசாவில் ஜோர்ஜ் போர்மனை வென்ற அலியின் எடை 216½ இறாத்தல். 1980 ஒக்ரோபர் 2 இல் லாஸ் வேகாஸில் லரி ஹோம்ஸைச் சந்தித்த அலி 217½. தராசுக்கு இரண்டு பேரும் ஒருவர்தான். ஆனால் 38 வயது அலி தைரொயிட் மாத்திரையும் எடுத்து இறக்கிய எடை அது. தசையும் நீரும் சேர்ந்து போயிருந்தன. வெக்கையில் உடம்பு ஆறவில்லை. பத்துச் சுற்றில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. மூன்று நடுவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பத்தாம் சுற்று முடிய அவருடைய பயிற்சியாளர் அஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார்.

எடை இலக்கத்தைப் பார்க்காதீர்கள், அது போன வழியைப் பாருங்கள். ஐந்து, ஆறு மாதத்தில் மெதுவாக இறங்கியதா, கடைசி எட்டு வாரத்தில் கொட்டியதா? கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் தொளதொளவென்று இருந்தால் அவசரத்தில் இறக்கியது. மறுபக்கத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்து இறாத்தல் ஏறிக்கொண்டு போவதும் நல்ல சகுனம் இல்லை.

கடைசி எட்டுச் சண்டையும் வெண்டவர். அவரைப் போய் முடிஞ்ச ஆள் எண்டுறியளே?

ஜோ லூயிஸும் எட்டு வென்றுவிட்டுத்தான் வந்தார். 1949 இல் ஓய்வு பெற்று, 1950 செப்டெம்பரில் எஸார்ட் சார்ள்ஸிடம் 15 சுற்றில் தோற்று, பிறகு தொடர்ந்து எட்டு வெற்றி. 1951 ஒக்ரோபர் 26 இல் ரொக்கி மார்சியானோ எட்டாம் சுற்றில் அவரைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பினார். அந்த எட்டு வெற்றியும் பொய்யில்லை. ஆனால் அவர்களில் யாரும் மார்சியானோவைப் போல அவரை நெருக்கவில்லை. லூயிஸின் ஜாப் மட்டுமே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. 37 வயதில் அந்த ஜாப் பழுதில்லாமல் இருந்தது, வலக்கை பழையபடி புறப்படவில்லை. வெற்றிப் பட்டியல் அதைச் சொல்லாது.

பட்டியலை இப்படி வாசியுங்கள்: ஒவ்வொரு எதிராளியின் பெயருக்கும் நேரே, அவர் அதற்கு முந்திய ஐந்து சண்டையில் எத்தனை தோற்றார் என்று எழுதுங்கள். மூன்றுக்கு மேல் தோற்றவர்களை அழித்துவிடுங்கள். மிச்சம் எத்தனை பேர்? அவர்களில் வேகமாக நகர்பவர் எத்தனை பேர், சுற்றுக்கு 50 குத்து விடுபவர் எத்தனை பேர்? வயது போனவருக்கு எதிராளி தேடும் முகாமைக்காரர் இந்த இரண்டு வகையையும்தான் முதலில் தவிர்ப்பார்.

கிழவனை அடிச்சதில மற்றவருக்கு என்ன பெருமை?

மார்சியானோவுக்கு லூயிஸும் ஹோம்ஸுக்கு அலியும் பெரிய புள்ளி தரமாட்டார்கள் என்பது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விலை போட முடியாது. தோற்றவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். விலை அங்கேதான் தெரியும்.

அலி ஹோம்ஸுக்குப் பிறகு ஒரே ஒரு சண்டை பிடித்தார். 1981 டிசெம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பேர்பிக்கிடம் தோற்றார். அப்படியானால் ஹோம்ஸ் அடித்தது முடிந்த ஆளைத்தான். ஹோம்ஸ் அன்று வேறு என்ன செய்ய முடியும் என்பது தனிக் கேள்வி. முன்பு தன்னைப் பயிற்சிக்கு வைத்திருந்தவரை அடிப்பதில் அவருக்கே விருப்பமில்லை என்பது படத்தில் தெரிகிறது. அதே ஹோம்ஸை 1988 ஜனவரியில் ரைசன் நான்காம் சுற்றில் விழுத்தினார். "38 வயதுக் கிழவன்" என்று இதையும் ஒதுக்குவார்கள். ஆனால் ஹோம்ஸ் அதற்குப் பிறகு 1992 இல் ரே மேர்சரை வென்றார், 45 வயதில் ஒலிவர் மக்கோலோடு பட்டத்துக்காக 12 சுற்று நின்றார். 75 சண்டையில் அவரை நேரத்துக்கு முன் முடித்தவர் ரைசன் ஒருவர்தான். அந்த வெற்றியின் விலை வருடம் போகப் போக ஏறியிருக்கிறது.

38 இல நாலு ரவுண்ட் தாங்காத ஹோம்ஸ் 42 இல என்னெண்டு வெண்டவர்?

இரண்டு காரணம். 1988 இல் அவர் 21 மாதம் சண்டை பிடிக்காமல் இருந்துவிட்டு நேரே ரைசனிடம் வந்தார். நேரக் கணிப்பு ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) முழுதாகத் திரும்பாது. உண்மையான சண்டை இரண்டு மூன்று வேண்டும். 1992 இல் அப்படிப் பல சண்டை பிடித்த பின்பே மேர்சரைச் சந்தித்தார்.

மற்றது எதிராளியின் பாணி. மேர்சர் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், அதுவரை தோல்வி காணாதவர், ஆனால் தலையை நகர்த்தாமல் நேரே வந்து நிற்பார். ஹோம்ஸ் மூலையில் சாய்ந்துகொண்டு, காலுக்கு வேலை கொடுக்காமல், ஜாப்பையும் நேர் வலக்கையையும் போட்டே 12 சுற்றையும் ஓட்டினார். காலும் கண்ணும் கேட்காத சண்டையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு 42 வயது ஒரு தடையாக இருக்கவில்லை. நான்கு மாதம் கழித்து இவான்டர் ஹோலிஃபீல்ட் அவரை நகர வைத்தார், புள்ளியில் வென்றார்.

போர்மன் 45 வயசில சாம்பியன் ஆனவர். அப்ப வயசு எண்டுறது ஒரு சாட்டுத்தானே?

1994 நவம்பர் 5 இல் மைக்கல் மூரரைப் பத்தாம் சுற்றில் விழுத்தியபோது, ஒன்பது சுற்று முடிவில் இரண்டு நடுவர்கள் 88–83 என்றும் ஒருவர் 86–85 என்றும் மூரர் பக்கம் எழுதியிருந்தார்கள். அதாவது அந்த ஒரு குத்து இல்லாவிட்டால் போர்மன் தோற்றிருப்பார். இரண்டாவது கேள்வியில் சொன்ன வரிசையை இங்கே வைத்துப் பாருங்கள்: கால் இல்லை, வேகம் இல்லை, பலம் அப்படியே இருக்கிறது. 250 இறாத்தல் உடம்பு ஆளை நோக்கி அடி அடியாக நடக்கும், ஜாப் தடி போல நீளும், அதற்குப் பின்னால் குறுகிய வலக்கை. மூரர் அவருக்கு முன்னாலேயே நின்றார். 17 மாதத்துக்கு முன் ரொமி மொரிசன் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடி 12 சுற்றில் வென்றிருந்தார்.

1977 முதல் 1987 வரை அவர் ரிங்குக்குள் வரவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. 35 வயதுக்காரர் வழக்கமாக வாங்கி முடித்திருக்கும் அடி அவர் கணக்கில் ஏறவில்லை. இடைவெளி நேரக் கணிப்பைக் கெடுக்கும், தலையைக் காப்பாற்றும். இரண்டும் உண்மை.

அலியின்ர உண்மையான பிரைம் எது? 67 ஓ, 74 ஓ?

1966 நவம்பரில் ஹியூஸ்ரனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றில் முடித்ததைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அழகுக்கு அதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் வில்லியம்ஸ் இரண்டு வருடத்துக்கு முன் பொலிஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். முன்னால் நின்றவரும் பிரைம் முடிந்தவர்தான் என்பது அந்தத் துண்டு வீடியோவில் தெரியாது.

எங்கள் முடிவு: திறமையின் உச்சம் 1967. மூன்றரை வருடத் தடைக்குப் பிறகு 1970 இல் வந்தவருக்குக் கால் பழையபடி இல்லை. ஆனால் 1974 இலும் 1975 மணிலாவிலும் அவர் என்னென்ன தாங்குவார், என்னென்ன யோசிப்பார் என்று தெரிய வந்தது. கால் இருந்த காலத்தில் அதைக் காட்ட வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. தரத்தை மதிப்பிட இரண்டும் வேண்டும். எப்படி ஆடினார் என்று கேட்டால் 1967 படத்தைப் போடுங்கள்.

ஜேக் போலிட்டத் தோத்த ரைசன் உண்மையில அவ்வளவு பெரிய ஆளோ?

யூரியூப்பில் பெயர் எடுத்துக் குத்துச்சண்டைக்கு வந்தவர் ஜேக் போல். 2024 நவம்பர் 15, ரெக்சாஸ். ரைசனுக்கு 58 வயது. இரண்டு நிமிடச் சுற்று எட்டு, வழமையான 10 அவுன்ஸ் இல்லாமல் 14 அவுன்ஸ் கையுறை. 16 நிமிடத்தில் அவர் விட்ட குத்து 97, பட்டது 18. நிமிடத்துக்கு ஆறு. அந்த ஆண்டு மே மாதம் வயிற்றுப்புண்ணால் அவதிப்பட்டுச் சண்டையே தள்ளிப்போனது. இது 1988 இல் மைக்கல் ஸ்பிங்ஸை 91 செக்கனில் முடித்தவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

ரைசனின் இறக்கத்தைப் படிக்க விரும்பினால் 2004 ஜூலை, டானி வில்லியம்ஸ் சண்டையைப் பாருங்கள். முதலாம் சுற்றில் பழைய ரைசன், வில்லியம்ஸ் ஆடிப்போகிறார். முழங்காலில் காயம், பிறகு மூச்சு, நான்காம் சுற்றில் தரையில். குறுகிய உடம்பு, வெடிப்பு, தலையசைவு ஆகியவற்றில் கட்டிய பாணிக்கு வயது சீக்கிரம் வரும். ஹோம்ஸின் ஜாப் போல அது பழையதாகி உதவாது.

அப்ப முடிவைப் பார்த்து ஒண்டும் சொல்லேலாதோ?

முடிவு சில வேளை தலைகீழாகவே சொல்லும். 2003 ஜூனில் லெனொக்ஸ் லூயிஸ் விற்றாலி கிளிச்கோவை வென்றார் என்று பதிவில் இருக்கிறது. கிளிச்கோவின் கண்ணுக்கு மேல் வெட்டு விழுந்து வைத்தியர் நிறுத்தியபோது மூன்று நடுவர்களும் கிளிச்கோவுக்கு 58–56 போட்டிருந்தார்கள். லூயிஸ் 256½ இறாத்தலில், மூச்சு வாங்க வாங்க நின்றார். அவர் திரும்பச் சண்டை பிடிக்கவில்லை, அது புத்தி.

விற்றாலியின் தம்பி விளாடிமிர் 2015 நவம்பரில் ரைசன் பியூரியிடம் (மைக் ரைசன் இல்லை, இவர் வேறு ஆள்) தோற்றபோது 12 சுற்றில் விட்டது 231 குத்து, அதாவது சுற்றுக்கு 20 கூட இல்லை. மேலே சொன்ன 25 கணக்கு ஞாபகம் இருக்கட்டும். 2017 ஏப்ரலில் வெம்பிளியில், 41 வயதில், அன்ரனி ஜோசுவாவை ஆறாம் சுற்றில் விழுத்தி, பதினோராம் சுற்றில் தானே விழுந்தார். இரண்டும் தோல்வி. ஆனால் இரண்டாவதில் கை தயங்காமல் போனது. அவருடைய தரத்தைக் காட்ட ஒரு தோல்வியைத் தேடினால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ரெண்டு பேரும் வயசு போனவை எண்டா?

2002 ஜூனில் லூயிஸ், ரைசன் இருவரும் அப்படித்தான். 36, கிட்டத்தட்ட 36. அப்படியான சண்டையில் நீளக் கையும் ஜாப்பும் உள்ளவருக்குச் சாதகம். லூயிஸ் எட்டாம் சுற்றில் முடித்தார். யார் பெரியவர் என்ற கேள்விக்கு அது விடை தராது.

இனி நிப்பாட்ட வேணும் எண்டு வெளியில இருந்து தெரியுமா?

சண்டையை விடப் பேட்டியில் தெரியும். ஐந்து வருட இடைவெளியில் இரண்டு பேட்டி எடுத்து, கண்ணை மூடிக் கேளுங்கள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா, வசனத்தின் முடிவு விழுங்கப்படுகிறதா? அலியின் வைத்தியர் ஃபேர்டி பச்சேக்கோ 1977 இல் ஏர்னி ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு விலகிக்கொண்டார். அலி அந்தச் சண்டையை வென்றிருந்தார். அதற்குப் பிறகும் நான்கு தரம் ரிங்குக்குள் போனார்.

எங்கட கழகத்தில நாற்பது தாண்டின அண்ணை ஒருத்தர் இருக்கிறார். ஸ்பாரிங்கில பெடியள் எல்லாருக்கும் அடிக்கிறார். அவர் இன்னும் போட்டிக்குப் போகலாம்தானே?

சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் 40 தான் எல்லை, ஆகவே அந்தக் கதவு மூடியாயிற்று. அவர் உண்மையில் எவ்வளவு நல்லவர் என்று தெரிய வேண்டுமென்றால் ஸ்பாரிங்கின் விதிகளை மாற்ற வேண்டும். 16 அவுன்ஸ் கையுறையும் தலைக்கவசமும் பிந்தி வரும் கண்ணை மன்னிக்கும். அறிமுகமான பெடியன் அவருக்கு மரியாதை கொடுத்து முழுக் கை விடமாட்டான். அவர் தோளைச் சாய்ப்பார், முன்காலை மிதிப்பார், கட்டிப்பிடித்து மூச்சு வாங்குவார். இதெல்லாம் கெட்டித்தனம்தான், ஆனால் மூன்று சுற்றுக்குத்தான் காணும்.

வேறு கழகத்திலிருந்து அவருடைய எடையுள்ள மூன்று பேரைக் கூப்பிடுங்கள். சுற்றுக்கு ஒருவர், மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிடம். கட்டிப்பிடித்தால் உடனே பிரித்துவிடுங்கள். பலமாக அடிக்க வேண்டாம், நகர்ந்துகொண்டே ஜாப் மட்டும் போடச் சொல்லுங்கள். நீங்கள் அவர் வாங்கும் ஜாப்பை எண்ணுங்கள். தலையில் பட்டுக் கால் தள்ளாடினால் அத்தோடு நிறுத்தி, குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் இல்லை; அதில் அண்ணைக்கும் பெடியனுக்கும் ஒரே சட்டம். மூன்றாவது ஆளின் கடைசி நிமிடத்திலும் அவர் பக்கத்துக்கு விலகிக்கொண்டு நிற்கிறார் என்றால், அண்ணைக்கு ஒரு குறையும் இல்லை. உங்கட பெடியளுக்குத்தான் பயிற்சி காணாது.